மேனேஜருக்குக் கூண்டு கட்டுவது

1

இந்தக் கதை எந்த உள்ளுணர்விலும் பிறக்கவில்லை. என் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிக்கொண்டார்கள், வேறு வழியில்லாமல் எழுத உட்கார்ந்தேன்.

"மாப்பிள்ளை, நீங்க உள்ளே போய் ஏதாவது எழுதிட்டு இருங்களேன். வேலை சீக்கிரம் முடியும்" என்றார் மச்சான். என் மனைவியின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். மனம் நோகாமல் மனிதரை வெளியேற்றத் தெரிந்தவர்.

கூடத்தில் அவர் கட்டிக்கொண்டிருந்தது ஒரு இகுவானாவுக்கான கூண்டு. இகுவானா என்றால் ஓணானுக்கு வசதியான பெரியப்பா மாதிரி. பச்சை உடம்பு, தாடைக்குக் கீழே தொங்கும் தோல், எதிலும் திருப்திப்படாத முகம், என் மேஜையைத் தாண்டும் வால். ஓணான் என்றதும் உங்களுக்கு ஒரு பழமொழி ஞாபகம் வந்திருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் அதைச் சொல்லிவிடுகிறார்கள். இந்தக் கதையில் அதற்கு இடம் கிடையாது.

வளர்த்தவள் என் மகள். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது எங்களிடம் விட்டுப்போனாள். நாங்கள் வைத்த பெயர் மேனேஜர். உயரமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு, கீழே வேலை செய்கிறவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவார்.

2

முதல் தொடக்கம்:

"ஓய்வுபெற்ற கணக்காளரான அவருக்கு ஊர்வன என்றாலே அருவருப்பு. அன்று காலை அவர் குளியலறைக் கதவைத் திறந்தபோது, —"

இரண்டாம் தொடக்கம்:

"மனிதன் கட்டும் வீடுகள் எல்லாமே ஒருவகையில் கூண்டுகள்தான் என்று —"

(இதை வேண்டுமானால் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது.)

மூன்றாம் தொடக்கம்:

"மழை —"

(பெய்யவில்லை.)

என் மனைவி முதல் தொடக்கத்தை மட்டும் படித்தாள். பள்ளியில் கணக்கு டீச்சர். தப்பு எங்கே இருந்தாலும் விரல் அங்கே போய் நின்றுவிடும்.

"யாருங்க இந்தக் கணக்காளர்?"

"ஒரு கதாபாத்திரம்."

"ஓணான்னா அருவருப்பாம். காலையில மேனேஜருக்கு இலை நறுக்கும்போது பாட்டுப் பாடினது யாரு?"

"அது வேற, இது வேற."

"இந்த ஆளைத் தூக்கிட்டு உங்களைப் போடுங்க. இல்லைன்னா நான் படிக்க மாட்டேன்."

எனக்கு நிச்சயமான வாசகி அவள் ஒருத்திதான். அதனால் கணக்காளருக்கு இந்த இடத்திலேயே விடைகொடுக்கிறேன். ஐயா, உங்களுக்காக அருமையான முதுகுவலி ஒன்றை யோசித்து வைத்திருந்தேன். கொடுத்துவைக்கவில்லை.

3

முதல் கூண்டு நான் செய்தது. செய்தது என்றால், கண்ணாடிக் கதவு போட்ட என் புத்தக அலமாரியைக் காலிசெய்து, பலகைகளை உருவிவிட்டு, கிளை ஒன்றைச் செருகி, எழுத்தறை ஜன்னலை ஒட்டித் தள்ளிவைத்தேன். வெயில் கண்ணாடி வழியாக உள்ளே பாய்ந்தது. மேனேஜர் கிளையில் படுத்தார். நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டினார்.

(எழுதுகிற யாரையாவது கேட்டுப்பாருங்கள், வாக்கியத்துக்கு வாக்கியம் தலையாட்டும் ஜீவன் கிடைத்தால் என்ன செய்வார்கள் என்று. நானும் அதைத்தான் செய்தேன். நிறைய எழுதினேன்.)

பிறகு அவருடைய பின்னங்கால் நடுங்க ஆரம்பித்தது. கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் காலைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வெயில் படுதா?"

"நாள் பூரா, டாக்டர்."

"கண்ணாடி வழியாவா?"

"ஆமா."

"கண்ணாடியில வெளிச்சம் வரும், சூடு வரும். எலும்புக்கு வேண்டியது வராது சார். அதை நிறுத்தி வெச்சிட்டீங்க. அதுக்குன்னு தனி விளக்கு இருக்கு, அதை வாங்கிப் போடுங்க. காத்து வர்ற மாதிரி வலை அடிங்க. முக்கியமா உயரம் வேணும், இவங்க மரத்துல ஏறுறவங்க."

பேச்சை மாற்றத் தலையாட்டலைப் பற்றிச் சொன்னேன். மருத்துவர் சிரிக்காமல் சொன்னார்: "அது ஆமோதிக்கிறது இல்லை சார். 'இது என் இடம், நீ கிளம்பு'ன்னு அர்த்தம்."

பதிப்பாளர்களும் ஏறக்குறைய இதையேதான் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சொன்னபோது இவ்வளவு வலிக்கவில்லை.

5

(நான்கு எங்கே என்று தேடாதீர்கள். சொல்கிறேன்.)

மகளிடம் கால் நடுக்கத்தை மறைக்கலாம் என்றுதான் இருந்தேன். மனைவி ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"அப்பா, ஒரு நர்சரிக்காரர் கேட்டுட்டே இருக்கார். செடிங்களுக்கு நடுவுல பெரிய இடம் வெச்சிருக்கார். ஞாயித்துக்கிழமை வர்றேன். கூண்டு சரியா இருந்து, அவனே உள்ளே போய் விளக்குக்குக் கீழே உட்கார்ந்தா இருக்கட்டும். இல்லைன்னா கூட்டிட்டுப் போயிடறேன். கோவிச்சுக்காதீங்க."

மேனேஜரை 'அவன்' என்று சொல்லும் உரிமை வீட்டில் அவளுக்கு மட்டும்தான் உண்டு.

கோபம் எதுவும் இல்லை. பயம்தான் வந்தது. அவள் போன பிறகு அந்த அறையில் என்னோடு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தது அவர் ஒருவர்தான். என்னைக் கிளம்பச் சொல்லித்தான் தலையாட்டினார் என்றாலும் உட்கார்ந்திருந்தார் அல்லவா? எனக்கு அவர் வேண்டும். (பார்த்தீர்களா, கணக்காளர் இருந்திருந்தால் இப்படிச் சொல்ல விட்டிருக்க மாட்டார்.)

மச்சானை வரவழைத்தோம். மருத்துவர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தார். கூரை வரை உயரம். முன்பக்கம் வலை. மேலே தனி விளக்கு, தொட்டுச் சுட்டுக்கொள்ளாமல் அதற்கு ஒரு கம்பிக் கவசம். ஏறுவதற்குக் குறுக்கும் நெடுக்கும் கிளைகள். வெப்பமானி, தண்ணீர்த் தொட்டி, சத்தமே இல்லாமல் நகரும் கதவு. பக்கவாட்டில் கைப்பிடிக் கம்பிகூட இருந்தது.

"இது எதுக்கு மச்சான்?"

"பழக்கம் மாப்பிள்ளை, கை தானா போட்டுடுச்சு."

கை தானாகப் போட்டது அது ஒன்று மட்டும் இல்லை. பின்சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி.

"லிஃப்டுல கண்ணாடி இருந்தாத்தான் உள்ளே நிக்கறவனுக்கு மூச்சு முட்டாது" என்றார். என் மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். நான் ரசித்தேன். தப்பு என்று எனக்கும் தெரியாது.

6

ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகை பார்த்தோம். மேனேஜர் கதவு வரை கம்பீரமாகப் போனார். தலையை உள்ளே நீட்டினார். எதிரே அதே பச்சையில், அதே அதிருப்தியோடு இன்னொரு மேனேஜர்.

தாடைத் தோல் விரிந்தது. தலை ஆடியது. எதிராளியும் ஆட்டினான். இவர் வாலைச் சுழற்றி ஓர் அடி வைத்தார், அவனும் வைத்தான். பிறகு இவர் திரும்பி, சோபா மேல் ஏறி, திரைச்சீலையைப் பிடித்து, அதன் கம்பிக்கு மேலே போய்ப் படுத்துக்கொண்டார். இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"கண்ணாடியைக் கழட்டுங்க அண்ணா" என்றாள் மனைவி.

"முடியாதும்மா. நான் ஒட்டினது ஒட்டினதுதான்."

துணி போட்டால் நகம் மாட்டும். செய்தித்தாள் வாங்குவதை எப்போதோ நிறுத்திவிட்டோம். வீட்டில் கட்டுக்கட்டாகக் காகிதம் வைத்திருப்பவன் ஒருவன்தான். மூவரும் என் மேஜையைப் பார்த்தோம்.

எழுத்தறைக்கும் கூடத்துக்கும் நடுவே எனக்கும் என் மனைவிக்கும் ஒரு சின்னப் பேச்சுவார்த்தை நடந்தது. அதை விவரிக்கவில்லை. நான் தோற்றேன்.

விளக்கிலிருந்து தள்ளி, கண்ணாடி மறைய மறைய ஒட்டினோம். கைவிட்ட தொடக்கங்கள் போதவில்லை. இந்தக் கதையின் நான்காம் பகுதியும் போனது. மேனேஜரின் கண்ணைப் பற்றி மட்டும் அதில் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். இதுவரை நான் எழுதியதில் அதுதான் சிறந்தது. நீங்கள் என்னை நம்பத்தான் வேண்டும்.

"எழுத்து வெளியே தெரியற மாதிரி ஒட்டுங்க மச்சான்."

"அவர் படிப்பாரா மாப்பிள்ளை?"

"ஒட்டுங்க."

கடைசித் தாளை ஒட்டும்போது அழைப்பு மணி அடித்தது.

7

இங்கே முடிவு வர வேண்டும். கைவசம் சில இருக்கின்றன.

ஒன்று: மேனேஜர் இறங்கி வந்து, நான்காம் பகுதியை மேலிருந்து கீழாகப் பார்த்து, விளக்குக்குக் கீழே படுக்கிறார். (என் ஆசைதான். அதனாலேயே நம்பிக்கை இல்லை.)

இரண்டு: நர்சரிக்காரர் வருகிறார், நல்லவராக இருக்கிறார். மேனேஜர் அவர் தோளில் ஏறி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் போகிறார். (இதை எழுதும்போது கை வரவில்லை. எழுதிவிட்டேன், போகட்டும்.)

மூன்று: மச்சானே கூண்டுக்குள் போய்ச் செயல்முறை விளக்கம் தருகிறார், கதவு —

(மச்சான் என் தோளுக்கு மேலாக எட்டிப் படிக்கிறார். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

8

நான் இப்போது கூடத்தில், சாப்பாட்டு மேஜையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மகள் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். வந்ததும் கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். விளக்கு, வலை, உயரம் எல்லாவற்றையும் சோதித்தாள். தாள்களைப் பார்த்து என்னைப் பார்த்தாள். "எல்லாம் சரியா இருக்குப்பா. இனி அவன் இஷ்டம்" என்றாள்.

யாரும் தூக்கி உள்ளே விடக்கூடாது. அப்படி விட்டால் கணக்கில் சேராது.

மனைவி சமையலறை வாசலில் நிற்கிறாள். மச்சான் மூச்சைக்கூட அளந்து விடுகிறார். மேனேஜர் திரைச்சீலையில் பாதி தூரம் இறங்கிவிட்டார். அங்கேயே நிற்கிறார். ஒரு முன்னங்கால் அந்தரத்தில் இருக்கிறது.

"அப்பா" என்கிறாள் மகள், உதடு மட்டும் அசைய. "எழுதறதை நிறுத்துங்க. இங்கே ஆடறது உங்க கை ஒண்ணுதான். அவன் அதையேதான் பார்த்துட்டு இருக்கான்."

நிமிர்ந்து பார்க்கிறேன். ஆமாம், என் பேனாவைத்தான் பார்க்கிறார்.

அவர் உள்ளே போனார் என்று நான் எழுதினால் அவர் போக மாட்டார். நான் எழுதாவிட்டால் அவர் போனாரா என்று உங்களுக்குத் தெரியாது. இத்தனை தூரம் கூடவே வந்தவர்களுக்கு இப்படிச் செய்யலாமா என்று கேட்பீர்கள், நியாயம்தான். ஆனால் நீங்களா, அவரா என்று வந்தால் எனக்கு அவர்தான் வேண்டும்.

பேனாவைக் கீழே வைக்கிறேன். நீங்களும் தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.