சம்பந்தியின் சின்னப் பிஸ்டல்

செபமாலைமுத்து தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை மேசை நடுவில் வைத்தார். அதற்குப் பக்கத்தில் உப்புப் போத்தலை நகர்த்தினார்.

“இது பெரிசு. இது சின்னன். ரெண்டு பிஸ்டலும் என்னட்டை இருக்கு, சம்பந்தி.”

ஞாயிறு பூசை முடிந்து லண்டன் இல்ஃபோர்ட் வீட்டில் சாப்பாடு. மகன் றொஜனுக்குப் பெண் கேட்டு அமெரிக்காவின் ஹூஸ்டனிலிருந்து வந்திருக்கிற மனிதர் அவர். பெண் பிறேமினிக்குச் சம்மதம், திகதி குறிப்பதுதான் பாக்கி. அவளுடைய தகப்பன் ஞானரட்ணம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். தாய் மெற்றில்டா, சுத்தமாகிவிட்ட கோப்பையொன்றைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“சின்னன் காற்சட்டைப் பொக்கற்றுக்க அடங்கும். ஆறு ரவுண்ட்ஸ் குண்டு. ஆனா சனியன், உதைக்கும். பொக்கற்றுப் பஞ்செல்லாம் உள்ளுக்க போய் அடைக்கும். பெரிசிலை பத்து. சுடச் சுகம். என்ன, கார் ஓடேக்க வயித்திலை குத்தும்.”

வயிற்றைக் குறைத்தால் குத்தாது என்று மெற்றில்டா நினைத்துக்கொண்டாள். பால் வாங்கப் போக ஒன்று, கோயிலுக்குப் போக மற்றது. சண்டை ஊருக்குள் வருமுன்பே படிப்பு விசாவில் பறந்தவர்; உயிருக்காக ஒரு வேலி பாய்ந்திருக்க மாட்டார். கைக்கடிகாரம் காட்டுகிற பெருமையோடு அவர் பேசப்பேச, அவள் கோப்பையை இன்னும் அழுத்தித் துடைத்தாள்.

அவளுடைய இடுப்பிலும் ஒன்று இருந்ததுதான். மன்னாரில், இயக்கத்தில், பத்தொன்பது வயதில், பதினான்கு மாதம். அந்தக் காலத்தில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் படித்தேன் என்றுதான் புருஷனுக்குச் சொல்லியிருந்தாள். ஆயுதம் தொட்டதேயில்லை என்று அகதி விண்ணப்பத்தில் கையெழுத்தும் வைத்திருந்தாள். இந்த வீடு, கடவுச்சீட்டு, கலியாணம் எல்லாம் அந்த ஒரு பொய்யின்மேல் நின்றன.

“என்ரை மனிசிக்கு விரல் மூட்டு வருத்தம்,” என்றார் செபமாலைமுத்து. “பிஸ்டலின்ரை மேல்பக்கத்தைப் பின்னுக்கு இழுக்க ஏலாது. அதாலை நானே இழுத்து, சின்னனிலை குண்டொண்டை உள்ளுக்க ஏத்தித்தான் குசினி லாச்சிக்க வைக்கிறது. பிறேமினிக்கும் ஒண்டு வாங்குவம், என்ன பிள்ளை?”

“ஐயோ அங்கிள், நோ தாங்க்ஸ்! எனக்குப் பலூன் வெடிச்சாலே பயம்.”

“ஒரு பயமுமில்லை. இதைப் பாரும்.”

போனை நீட்டினார். வீடியோவில் அவருடைய குசினி. அடுப்புக்குப் பக்கத்து லாச்சியை இழுத்துச் சின்னதை எடுக்கிறார். குண்டு அடுக்கிய மகசினைக் கழற்றி ஒருபக்கம் போடுகிறார். “இப்ப இது வெறும் இரும்பு” என்று, சோறு தின்றுகொண்டிருந்த றொஜனின் நெஞ்சுக்கு நேரே நீட்டுகிறார். அவன் இரண்டு கைகளையும் தூக்கிச் சிரிக்கிறான்.

மெற்றில்டாவின் கையிலிருந்த கோப்பை நின்றது. மகசினைத்தான் கழற்றினார், மேல்பக்கத்தை இழுக்கவேயில்லை. மன்னாரில் கூட இருந்த கிளறிற்றாவும் இப்படித்தான் சிரித்துக்கொண்டு கை தூக்கினாள். அவளுக்கு எதிரே நின்றவளும் மகசினைக் கழற்றித்தான் வைத்திருந்தாள்; ஆனாலும் வெடித்தது. நாளைக்கு அந்தக் கதிரையில் இருந்து சாப்பிடப் போகிறவள் பிறேமினி.

“அண்ணை,” என்றாள், கோப்பையையும் துணியையும் மேசையில் வைத்துவிட்டு. “நீங்கள் ஏத்தி வைச்ச ஒண்டு எங்கை?”

“எந்த ஒண்டு?”

“மகசினைக் கழட்டினாலும் அது உள்ளுக்கதானே நிக்கும். மகன்ரை நெஞ்சுக்கு நீட்டியிருக்கிறியள்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். “தங்கச்சி, உதுகள் உங்களுக்கு விளங்காது. நான் பன்ரெண்டு வரியமா வைச்சிருக்கிறன்.”

“வைச்சிருக்கிறியள். அவ்வளவுதான். ரெண்டு வைச்சிருந்தும் ஒண்டைக்கூட உங்களுக்குத் தெரியாது.”

“மெற்றில்டா!” என்றார் ஞானரட்ணம்.

அவள் நிறுத்தவில்லை. “மேல்பக்கத்தை இழுக்கோணும். உள்ளுக்கிருக்கிறது வெளியிலை விழோணும். பிறகு கண்ணாலை பார்க்கோணும். இருட்டெண்டா விரலை விட்டுத் தடவோணும்.”

சொல்லச்சொல்ல அவளுடைய வெறும் கைகள் அதைச் செய்தன. இடது கை சட்டென்று பின்னுக்குப் போனது. வலது கை ஒன்றுமில்லாததை இறுக்கிப் பிடித்து, யாருக்கும் நேரே நீளாமல், நிலத்தைப் பார்த்துத் தாழ்ந்தது.

“உமக்கு உது எப்பிடி...” என்றார் ஞானரட்ணம். செபமாலைமுத்து போனைக் கவிழ்த்து வைத்தார்.

பிறேமினி தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற விரல்கள் எல்லாம் மடங்கியிருக்க, சுட்டுவிரல் மட்டும் இல்லாத விசையைத் தொடாமல், நடுங்காமல், நேரே நீண்டு கிடந்தது.