மிளகாய் டப்பா வாங்கிய கடன்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. மண்ணூர் அம்மன் கோயில் வாசலில் கற்பூரத்தை ஏற்றி, கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தாயிற்று. அது போதாது என்பவர்களுக்காகச் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில், நாலு பேர் பார்க்க, இன்னொரு தரமும் செய்தாயிற்று. இதற்குமேலும் நம்பாதவர்களை அம்மன் பார்த்துக்கொள்வாள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் அது. தேசத்தின் தங்கத்தையே விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய் வெளிநாட்டில் அடகு வைத்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்த ஆனி மாதம். தசரதன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் செய்தியை எழுத்துக்கூட்டிப் படித்த நாகப்பனுக்கு மனசு லேசாகிவிட்டது. கவர்மெண்டே செய்கிற காரியத்தை ஸ்பிரிங் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருத்தன் செய்தால் என்ன கேவலம்? நாகப்பன் வீட்டில் இருந்த மொத்தத் தங்கமும் ஒரு ஜோடி கம்மல்தான். அது அவன் பெண்டாட்டி கிளியம்மாள் காதில் இருந்தது. சிக்கல் அங்கேதான்.

பணத்துக்கு அவசரம் வந்ததற்குக் காரணம் அவன் தங்கச்சி மஞ்சுளா. வைகாசியில்தான் அவளைப் பல்லாவரத்து வசந்தகுமாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அப்பா அம்மா இல்லாத பெண், அண்ணன்தான் எல்லாம். வரப்போவது தலை ஆடி. ஆடி முதல் தேதி மாப்பிள்ளையையும் பெண்ணையும் அழைத்து, ஆடிப்பால் கொடுத்து, விருந்து வைத்து, மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி எடுத்துக் கொடுத்தாக வேண்டும். கம்பெனியிலோ கம்பி வரவில்லை என்று ஓ.டி.யை நிறுத்திவிட்டார்கள். ஓ.டி. இல்லாத சம்பளக் கவர், காற்றுப் போன டியூப் மாதிரி வீட்டுக்கு வந்தது.

"கிளி, ஒரு ரெண்டு மாசத்துக்கு அந்தக் கம்மல..."

"பேசாத."

"நம்ம தேசமே..."

"தேசத்துக்குக் காது கீதா? எனக்குக் கீது. மூளியா நின்னா நாளைக்கு உன் தங்கச்சி புருஷன் முன்னாடி நான்தான் நிக்கணும், நீ சொல்ற தேசம் வந்து நிக்காது."

அந்தக் கம்மல் ஸ்ரீபெரும்புதூர் கன்னியப்பனுடைய அடகுக் கடைக்குப் போய்ப் போய் வந்ததில், கன்னியப்பனுக்குக் கிளியம்மாளின் முகம் மறந்தாலும் கம்மல் மறக்காது. அதைத் தூரத்தில் பார்த்ததுமே பெட்டியைத் திறந்து இடம் ஒதுக்கி வைப்பார். கடைசியாக மீட்டுக்கொண்டு வந்த அன்றைக்கு, இனிமேல் அந்தப் படி ஏறுவதில்லை என்று கிளியம்மாள் முடிவு கட்டியிருந்தாள்.

"சரி, ஒரு பந்தயம்," என்றாள். "ஆடி ஒண்ணு அன்னிக்குக் கம்மல் என் காதுல இருக்கும். உன் மாப்ள பட்டு வேட்டி கட்டிக்கினு, ஏப்பம் வுட்டுக்கினு போவாரு. அப்படி நடக்கலன்னா நானே கழட்டி உன் கையில குடுத்துடறேன். நடந்துதுன்னா, இனிமே கம்மல்ன்ற பேச்சே இந்த வூட்ல கெடையாது. சம்பளக் கவரு ஒட்டினது ஒட்டினபடி எங்கிட்ட வரணும். இன்னா சொல்ற?"

நாகப்பன் ஒத்துக்கொண்டான். அவள் எப்படியும் தோற்றுவிடுவாள் என்று அவனுக்குத் தோன்றியது. அவள் டப்பாக்களை அவன் அவ்வளவாக மதிக்காத காலம் அது.

டப்பாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளியம்மாள் சம்பளப் பணத்தைப் பிரித்துச் சமையலறை டப்பாக்களில் போட்டு வைப்பாள். ரேஷனுக்கு உண்டானது கடுகு டப்பாவில். மகள் கலைமதியின் பள்ளிக்கூடச் செலவு மல்லித்தூளில். பஸ் காசு பெருங்காயத்தில். சொந்தபந்தம், விசேஷம், மொய் எல்லாம் மிளகாய்த்தூளுக்குள்ளே. இப்படி எல்லாப் பெண்களும்தான் செய்கிறார்கள் என்பீர்கள். கிளியம்மாளிடம் வித்தியாசம் என்னவென்றால், ஒரு டப்பாவில் பணம் குறைந்து இன்னொன்றிலிருந்து எடுத்தால் அது கடன். கடனுக்கு வட்டி உண்டு. அந்த வட்டியை, கடனுக்குக் காரணமான ஆள் தன் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். நாகப்பன் பீடி குடிக்காமல் இருந்த நாட்களில் எல்லாம் ஏதோ ஒரு டப்பா வட்டி வாங்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

இன்னொன்று, வாசனை. ஒவ்வொரு நோட்டுக்கும் அதன் டப்பாவின் வாசனை ஏறிவிடும். அது சோப்புப் போட்டாலும் போகாது. மண்ணூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை இருந்த அத்தனை வியாபாரிகளுக்கும் இது தெரிந்துபோயிற்று.

பந்தயம் போட்ட மறுநாளே நாகப்பன் யாருக்கும் தெரியாமல் ஒரு நோட்டை உருவிக்கொண்டு தசரதன் கடைக்குப் போனான். பேஷாக ஒரு டீ, ஒரு பன், ஒரு பாக்கெட் சிகரெட். தசரதன் நோட்டை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னா நாகப்பா, மல்லி வாசன வருது?"

"வந்தா இன்னாண்ணே? நோட்டு நோட்டுதான?"

"கொழந்த பீஸ் கட்ற நோட்டுல நீ சிகரெட்டு புடிக்கறதா? கிளியம்மாகிட்ட யாருப்பா பதில் சொல்றது? எடுத்துக்கினு போயிடு."

பஸ்ஸில் கண்டக்டரிடம் நீட்டினான். கண்டக்டர் முகர்ந்துவிட்டு, பெருங்காயம் இல்லாத நோட்டுக்கு டிக்கெட் கொடுக்க மாட்டேன் என்று விசில் ஊதி இறக்கிவிட்டார். டென்ட் கொட்டாயில் டிக்கெட் கொடுப்பவருக்குச் சளி பிடித்திருந்ததால் அவரிடம் மட்டும் செல்லும் என்று நம்பிப் போனான். அவர் பக்கத்தில் இருந்தவரை விட்டு முகரச் சொன்னார். கடைசியில் நோட்டைக் கொண்டுவந்து மல்லித்தூளுக்குள்ளேயே திரும்பச் செருகினான். மனுஷன் செலவு பண்ண முடியாமல் போனால் பணம் மிஞ்சாமல் என்ன செய்யும்? மல்லி டப்பா அந்த மாதம் கொழுத்துக்கொண்டே போயிற்று.

ஆனால் வேட்டி வாங்க வேண்டியது மிளகாய் டப்பா. அதில் தூள்தான் இருந்தது, பணம் காலி. மஞ்சுளா கல்யாணத்தில் துடைத்தெடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கிளியம்மாள் சமையலறையில் பாய் விரித்து, டப்பாக்களை வரிசையாக உட்கார வைத்தாள். மிளகாய் டப்பாவைத் தனியாக, எதிரே வைத்தாள். நாகப்பனை அதன் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"இது உன் கட்சிக்காரன். பேசு."

நாகப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "மிளகா டப்பாவுக்கு அவசரமா கடன் வோணும். மாப்ள வராரு."

"கடுகு கேக்குது, போன பொங்கலுக்கு வாங்கினதே இன்னும் வரல, இன்னா பண்றதுன்னு."

"அது... அது குடுத்துடும்."

"பெருங்காயம் சொல்லுது, தராதீங்க, இந்த டப்பா ஒரு ஓட்ட டப்பான்னு."

"பெருங்காயத்த வாய மூடிக்கினு இருக்கச் சொல்லு!" நாகப்பன் ரோஷமாகிவிட்டான். "ஊர்ல மானம் மரியாதன்னு ஒண்ணு கீதில்ல? தெனமும் பஸ்ஸுல போறதுக்கு மட்டும்தான் பணமா? சொந்தம்னு ஒண்ணு வோணாமா?"

கிளியம்மாள் மல்லி டப்பாவின் மூடியில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"மல்லி தர்றேன்னு சொல்லுது. ஆனா ஜாமீன் கேக்குது."

"இன்னா ஜாமீன்?"

"உன் டீ. ஆடி ஒண்ணு வரைக்கும் தசரதன் கடப்பக்கம் போவக் கூடாது. அந்தக் காசு தெனமும் வட்டியா மல்லிக்கு வரணும்."

நாகப்பன் எல்லா டப்பாக்களையும் ஒருமுறை பார்த்தான். ஒன்றின் முகத்திலும் இரக்கம் இல்லை. ஒத்துக்கொண்டான்.

கடன் கைமாறியது. மல்லியிலிருந்து எடுத்த நோட்டுகளை, டப்பா மாறினால் வாசனையும் மாற வேண்டும், அதுதான் முறை என்று கிளியம்மாள் மிளகாய்த்தூளுக்குள் ஆழமாகப் புதைத்து வைத்தாள். அது குண்டூர் மிளகாய். நாட்கள் போகப் போக அந்த டப்பாவை நெருங்கிய கரப்பான்பூச்சிகள் தும்மிக்கொண்டே வெளியேறியதை நாகப்பன் தன் கண்ணால் பார்த்தான்.

நாகப்பன் டீயை நிறுத்தியதால் தசரதனுக்கு விழுந்த அடி லேசானது இல்லை. ஒரு ஆள் நிறுத்தினதற்கா என்று கேட்கக் கூடாது. நாகப்பன் அவ்வளவு டீ குடிக்கிறவன். கடையில் பால் மிஞ்சியது. மிஞ்சினதைத் தயிராகத் தோய்த்தார். தயிர் மிஞ்சி, பானை பானையாக நின்றது. கடைசியில் அவரே தலையில் தூக்கிக்கொண்டு கிளியம்மாள் வாசலுக்கு வந்தார்.

"பாதி வெலைக்கு எடுத்துக்கோம்மா. புளிச்சிடப் போவுது."

"பாதி வெலைக்கா? எங்கூட்டுக்காரர் டீ குடிக்காம தியாகம் பண்ணி உண்டாக்கின தயிருண்ணே இது. கால் வெல."

விருந்துக்குத் தயிர் ஆயிற்று. மோர்க்குழம்பும் ஆயிற்று.

ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் புருஷனும் பெண்டாட்டியும் ஸ்ரீபெரும்புதூர் பஜாரில் யாக்கோபு ஜவுளிக்கடைக்குப் போனார்கள். கையிலிருந்த பணம் நூல் வேட்டிக்குத்தான் காணும். கிளியம்மாளோ நேராகப் போய், நாலு விரல் ஜரிகை போட்ட பட்டு வேட்டியை எடுத்து வைத்தாள்.

யாக்கோபு விலையைச் சொன்னார். அவள் பேரமே பேசவில்லை. முந்தானை முடிச்சிலிருந்து நோட்டுக்கட்டை எடுத்து நீட்டினாள். "எண்ணிக்குங்கண்ணே."

யாக்கோபுக்கு நாற்பது வருஷப் பழக்கம், கட்டை விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு எண்ணுவது. மூன்றாவது நோட்டில் நாக்கு எரிந்தது. நாலாவதில் கண்ணில் தண்ணீர் வந்தது. ஐந்தாவதில் தும்மினார் பாருங்கள், ஷோகேஸில் நின்ற பொம்மையின் தலைப்பாகை கழன்று தெருவில் போய் விழுந்தது.

"எண்ணிக்கை வுட்டுப்போச்சும்மா..."

"பரவால்லண்ணே. முதல்லேர்ந்து எண்ணுங்க. நிதானமா. எங்க பணம் கொறஞ்சிதுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது."

மறுபடியும் நாக்கு. மறுபடியும் தும்மல். தாகத்துக்குத் தண்ணி கேட்டார். தண்ணீரில் எரிச்சல் அதிகமாயிற்று. கடைப் பையன்கள் தும்மினார்கள். புடவை பார்க்க வந்த பெண்கள் தும்மிக்கொண்டே படியிறங்கினார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் யாக்கோபு, "ஏதோ ஒண்ணு குடும்மா, கொறச்சிக்கறேன்," என்று விலையை ஒரு படி இறக்கினார். கிளியம்மாள் மட்டும் விடவில்லை.

"அதெப்படிண்ணே? நீங்க சொன்ன வெலய நாங்க குடுப்போம். எண்ணுங்க."

"ஐயோ ஏசப்பா! தாயே, இருக்கறது போதும், வேட்டிய எடுத்துக்கினு கெளம்பு! தங்கச்சிக்கு ஒரு பொடவையும் எடுத்துக்கோ! கட மூடற நேரம் ஆச்சு!"

அப்போது காலை பதினோரு மணி.

வேட்டியும் புடவையுமாக வெளியே வந்தபோது நாகப்பனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அழுகை மிளகாயால் என்று சொல்லிக்கொண்டான்.

ஆடி முதல் தேதி வசந்தகுமார் வந்தார். சட்டைக் கைக்கு மேலே வாட்சைக் கட்டுகிற மாப்பிள்ளை. ஆடிப்பால் குடித்தார். மோர்க்குழம்பு மூன்று தடவை வாங்கிக்கொண்டார். பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு மண்ணூர் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து காட்டினார்.

"இன்னா மச்சான், ஓ.டி. இல்லன்னாங்க? எங்கெங்கயோ கம்மல் அடகுக்குப் போவுதுன்றாங்க, அக்கா காதுல இப்படி மின்னுது?"

நாகப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: "நம்ம வூட்ல அந்தப் பழக்கம் கெடையாது மாப்ள."

சுவரோரம் நின்றிருந்த கிளியம்மாள் கம்மலை லேசாக ஆட்டினாள். மாப்பிள்ளை ஏப்பம் விட்டார். பந்தயம் அத்தோடு முடிந்தது. அடுத்த சம்பளத்தன்று கவர் ஒட்டினது ஒட்டினபடி அவள் கைக்கு வந்தது.

கதை பஜார் முழுக்கப் பரவியது. மண்ணூர், வல்லம், சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் எல்லாம் டப்பாக்களைப் பாயில் உட்கார வைத்து விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஆடி மாதம் முழுக்க ஒரு மூக்குத்திகூட அடகுக்கு வரவில்லை. மாசக் கடைசியில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் கிளியம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கன்னியப்பன்.

"கம்மலுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேம்மா," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "கட வாடக கட்டணும். ஒரு ஆளும் வரல. மல்லி டப்பாவுல ஏதாச்சும்..."

கிளியம்மாள் மல்லி டப்பாவின் மூடியில் காதை வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். கன்னியப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"தர்றேன்னு சொல்லுது. மேல இன்னா வெக்கறீங்க?"

கன்னியப்பன் விரலிலிருந்த கல் மோதிரத்தைக் கழற்றினார். கிளியம்மாள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், கல்லுக்குக் கழித்தாள், அழுக்குக்குக் கழித்தாள், முதல் மாச வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தாள். நாகப்பன் அன்றைக்குத் தன் பங்குக்குத் தசரதன் கடையிலிருந்து மூன்று டீ வாங்கிவரச் சொல்லி, மூன்றையும் தானே குடித்தான்.

கற்பூரம் அணைத்தபோது அம்மனிடம் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்: நாகப்பனுக்கு இன்றுவரை கல்யாணம் ஆகவில்லை.