ரோமம் படர்ந்த கொடி

2018 அக்டோபர் 20, சனிக்கிழமை, பிற்பகல் மூன்றே கால். முந்தைய இரவின் உறைபனியில் கென்டக்கி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் மரங்கள் இலை உதிர்த்து நின்றன, வானம் சாம்பல் நிறத்தில் தாழ்ந்திருந்தது, காற்று இல்லை.

லோர்னா ஹேச்சர் நான்கடி பின்வாங்கித் தன் வாசற்கதவைப் பார்த்தாள். பேய் வேடத் திருநாளான ஹாலோவீனுக்காக அவளே முறுக்கிக் கட்டிய கொடிவளையம் அதில் தொங்கிற்று. கடையில் விற்கும் வழவழப்பான திராட்சைக்கொடி அவளுக்குப் பிடிக்கவில்லை. வீட்டின் பின்னால் ஓடைக்கரை மரமொன்றில் ஏறியிருந்த கொடியில், செம்பழுப்பு ரோமம் சிலந்திக் கால்களைப் போலச் சிலிர்த்து நின்றது. அதற்காகவே அதை வெட்டி வந்தாள். கறுப்பு வலைத்துணியைச் சுற்றியதும், பொம்மைக் கையொன்றைச் செருகியதும் அவள். பிளாஸ்டிக் சிலந்திகளுக்கு இடம் குறித்தவள் டெல்லா.

டெல்லாவுக்கு ஆறு வயது. இதற்குமுன் மூன்று வீடுகளில் வளர்ப்புக்கு விடப்பட்டு, மூன்றிலிருந்தும் திருப்பி அனுப்பப்பட்டவள். இந்த வீட்டிலேயே அவள் நிரந்தரமாக இருக்கலாமா என்பதைக் குழந்தைநல அலுவலகம் வரும் திங்களன்று முடிவு செய்யவிருந்தது. வளையத்தைக் கதவில் மாட்டுமுன் அவள் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து லோர்னா கண்டதில்லை. உடனே படமெடுத்து, அலுவலகத்தைச் சேர்ந்த ஸ்லோனுக்கு அனுப்பினாள். அழகாக இருக்கிறது என்று அவரும் பதில் அனுப்பினார்.

பக்கத்து வீட்டு ரோடா, வாங்கிப்போன பலகாரத் தட்டைத் திருப்பித் தர வந்தவள், முதற்படியில் நின்றுவிட்டாள்.

"லோர்னா, அந்தக் கொடிய எங்க வெட்டின?"

"ஓடைப் பக்கம். ஏன், பொறாமையா இருக்கா?"

"வாரக்கணக்கா சொறிஞ்சுக்கிட்டுக் கெடக்க எனக்கென்ன பொறாம? திராட்சக்கொடிக்கு முடி முளைக்காது. அது பாய்சன் ஐவி, தொட்டாலே தோல் கொப்புளிக்கிற நச்சுக்கொடி."

மூன்றிலைக் கொத்தைக் கண்டால் விலக வேண்டும் என்பது அவ்வூர்ப் பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரியும், லோர்னாவுக்கும் தெரியும். ஆனால் உறைபனி இலைகளை உதிர்த்துவிட்டிருந்தது. இலையற்ற கொடியிலும் நச்சுப்பால் காய்வதில்லை என்பதை அவள் எண்ணவில்லை.

வெட்டி மிஞ்சிய குச்சிகள் எங்கே என்று ரோடா கேட்டாள். மாலையில் மார்ஷ்மெல்லோ மிட்டாய் சுடலாம், குச்சிகளைக் கொல்லைத் தீக்குழியில் போடு என்று டெல்லாவிடம் சொன்னவள் லோர்னாவே. அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் நெஞ்சே வெந்து வீங்கிவிடும். தீப்பெட்டியை எங்கே வைத்தோம் என்று அவளுக்கு நினைவு வரவில்லை. இருவரும் வீட்டைச் சுற்றி ஓடினார்கள்.

தீக்குழி எரியவில்லை. அதன் விளிம்பில் டெல்லா உட்கார்ந்து, மடி நிறையக் குச்சிகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தாள்.

குளிர்ந்த நீரும் பாத்திரச் சோப்புமாக அவளைக் கழுவினார்கள். துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினார்கள். ஒருவரும் எதையும் விளக்கவில்லை. டெல்லா நடுங்கினாளே தவிர அழவில்லை. துண்டைச் சுற்றியதும் கேட்டாள்:

"மிஸ் லோர்னா, நா என் பைய எடுத்துக்கட்டுமா?"

தப்பு உன்னுடையதல்ல, என்னுடையது என்று லோர்னா சொல்லி முடிப்பதற்குள் டெல்லா மாடியேறிவிட்டாள்.

அலுவலகத்துக்கு ஒன்றும் சொல்லாதே என்றாள் ரோடா. காட்டில் விளையாடும் பிள்ளைக்கு இது வராதா? கேட்டால் அப்படியே சொல்லிவிடு. லோர்னாவுக்கும் அது எளிதாகத் தோன்றியது. அந்த எளிமையே அவளை அச்சுறுத்தியது. பொய் சொன்னால் டெல்லாவையும் பொய் சொல்லப் பழக்க வேண்டும். இருட்டுவதற்குமுன் ஸ்லோனை அழைத்து, தானே வெட்டியதையும் தானே கொடுத்ததையும் சொன்னாள். அவர், இதை எழுதியாக வேண்டும், முடிவு தள்ளிப்போகும் என்றார்.

திங்களன்று டெல்லாவின் கழுத்தில் செந்தடம் வட்டமாக எழும்பிற்று. மறுநாள் ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. மருத்துவர் மருந்து கொடுத்துவிட்டு, எப்படி நேர்ந்தது என்று கேட்டார். என்னால் என்றாள் லோர்னா. அவளுடைய உள்ளங்கைகள் கொப்புளித்துக் கட்டுப்போடப்பட்டிருந்தன. தெருவில் வண்டி வேகம் குறைக்கும்போதெல்லாம் அவள் சன்னலுக்குப் போனாள். டெல்லா காலணியைக் கழற்றாமல் தூங்கினாள். லோர்னா அதைக் கழற்றத் துணியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, தூறலில், ஸ்லோன் வந்தார். ஓடைக்கரையைப் பார்த்தார், தீக்குழியைப் பார்த்தார், பின்பு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு டெல்லாவிடம் தனியாகப் பேசினார். லோர்னா முகப்பில் நின்றாள். அவருடைய காரின் பின்னிருக்கையில் குழந்தை இருக்கை பொருத்தப்பட்டிருந்தது. எல்லாக் குழந்தைகளுக்குமாக அது எப்போதும் அங்கேயே இருப்பதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், நம்பவில்லை.

கதவு திறந்தது.

"ஏன் இப்பிடி ஆச்சுன்னு கேட்டேன்," என்றார் அவர். "மிஸ் லோர்னாவே தன்னயே போட்டுக் குடுத்துட்டாங்கன்னு சொல்றா. அவளுக்கு அது இன்னும் நம்ப முடியல."

லோர்னா அவருக்குப் பின்னால் டெல்லாவைத் தேடினாள்.

"நீங்க போன் பண்ணலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதுன்னு எங்க மேலதிகாரி ரெண்டு தடவ சொன்னாங்க. பாராட்டித்தான் சொன்னாங்களான்னு தெரியல. ஓடைக்கரைக் கொடிய ஆள் வச்சு எடுக்கணும். அது ஒண்ணுதான் நிபந்தனை. புள்ள நிரந்தரமா இங்கயே இருக்கட்டும்."

அவர் கோப்பிலிருந்து கையெழுத்திட்ட தாளை எடுத்து நீட்டினார். கட்டுப்போட்ட விரல்கள் மடங்கவில்லை. லோர்னா அதை இரு மணிக்கட்டுகளுக்கிடையே வாங்கிக்கொண்டாள்.