நேரலையில் ஒரு ‘கட்’

இயக்குநருக்கு இது முதல் படம். நாளைக் காலைக் காட்சிக்குக் கூட்டம் வராவிட்டால் மாலையே படத்தைத் தூக்கிவிடுவார்கள். அதனால்தான், பேட்டி என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் அவள், தொலைக்காட்சி அரங்கில் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“படத்தைப் பத்திச் சொல்லுங்க” என்றாள் தொகுப்பாளினி.

“குடும்பத்தோட பார்க்க வேண்டிய, வித்தியாசமான கதைக்களம்…” சொல்லச் சொல்ல அவளுக்கே சகிக்கவில்லை. மோசமாக நடிப்பவர்களை நிறுத்துகிற பழக்கத்தில், “கட்” என்றாள்.

கேமராக்காரரும் பழக்கதோஷத்தில் கேமராவிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“மேடம், இது லைவ்” என்றாள் தொகுப்பாளினி.

“வாய் தவறிடுச்சு. ஆனா அந்த டேக் நல்லாவே இல்ல, இன்னொண்ணு போறேன்.” மானம் போனபின் பயமும் போயிருந்தது. “மாமியாரும் மருமகளும் லிஃப்டுல மாட்டிக்கிறாங்க. அரை மணி நேரம் பேசிக்கவே மாட்டாங்க.”

தொகுப்பாளினி கேள்வி அட்டையைக் கீழே வைத்தாள். “அப்புறம்?”

“மருமகளுக்கு விக்கல் வருது. தண்ணி பாட்டில் மாமியார்கிட்ட இருக்கு.”

அரங்கம் சிரித்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் கேமராக்காரர் தயங்கித் தயங்கி வந்தார். “நாளைக் காலையில எங்கம்மாவையும் வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வரேங்க. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உட்கார வைக்கலாமா?”

“நடுவுல நீங்க உட்காருங்க,” என்றாள் அவள். “இடைவேளை வரைக்கும்.”