கிட்டி இல்லாத கோர்ட்டு

லுன்னுக்குச் சோறு கொண்டுபோன காலையில்தான் அதை அவனிடம் சொன்னேன். கொட்டடிக் கம்பிகளுக்கு இடையே மூங்கில் கூடையை நீட்டினேன். ஒட்டரிசிச் சோறும் சுட்ட மிளகாய்த் துவையலும் அவன் அம்மா புவா கட்டிக் கொடுத்திருந்தாள். சோற்றை உருட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தான். காவல்காரன் எச்சில் துப்ப எழுந்து போகும்வரை காத்திருந்தேன்.

"கோர்ட்டுல கேட்ட உடனே ஆமான்னு சொல்லிடு."

"நான் அடிக்கலையேப்பா."

"அடிச்சியா இல்லையான்னா உன்னைக் கேட்டேன்?"

அவனுக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? அவன் வளர்ந்ததே பறங்கி நிழலில். நான் இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களை நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தி, வாயைப் பிளந்து காட்டினேன். மெல்லுவதை நிறுத்திவிட்டான். வாயில் இருந்த சோற்றை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

என் அண்ணன் சோமைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசுவதில்லை. யாருடைய எருமையோ காணாமல் போனது. சோம் அந்த எருமையைக் கண்ணால் பார்த்தவனில்லை. சயாம் அதிகாரியின் ஆட்கள் சாட்சி சொல்லத்தான் கூப்பிட்டார்கள். இரண்டு மூங்கில் சிம்புகளைத் தலையின் இரண்டு பக்கமும் வைத்துக் கயிறு கட்டி முறுக்கினார்கள். அதற்குப் பெயர் கிட்டி. இல்லை என்று சொல்லச் சொல்ல முறுக்கினார்கள். ஆமாம், நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன் என்றதும் நிறுத்தினார்கள். நான் வெளியே முற்றத்து மண்ணில் குப்புறக் கிடந்தேன். அப்போதெல்லாம் அதிகாரி முன்னால் தலை தூக்கக் கூடாது. அதனால் ஒன்றையும் பார்க்கவில்லை, காதால் கேட்டேன். கயிறு இறுகும்போது மூங்கில் ஒரு சத்தம் போடும். நான் மூங்கில் விற்றுப் பிழைக்கிறவன். தெப்பம் கட்டும்போது கயிற்றை முறுக்குகிற வேலையை மட்டும் லுன்னிடம் விட்டுவிட்டு நான் கரையேறிப் போய்விடுவேன். அப்பனுக்குச் சோம்பல் என்று அவன் நினைத்திருப்பான். தண்டனை முடிந்து விலங்கு கழற்றி வீட்டுக்கு அனுப்பிய பிறகு சோமுக்கு வெளிச்சம் ஆகவில்லை. பட்டப்பகலில் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அப்படியே செத்தான்.

எங்கள் தாத்தாவை மேக்கோங் அக்கரையிலிருந்து சண்டையில் பிடித்து ஓட்டி வந்தது சயாம் படை. பிறகு அந்த அக்கரையைப் பிரெஞ்சுப் பறங்கி பிடித்தான். அங்கே பிறந்தவனுடைய பேரப்பிள்ளைகளும் என் ஆட்கள்தான் என்றான். சோமை எரித்த கையோடு பாங்காக் போய்ப் பிரெஞ்சுத் தூதர் வீட்டில் பேர் கொடுத்தேன். பறங்கி மேல் ஆசையா? அவன் கிட்டி போடமாட்டான், அவ்வளவுதான். அதன்பிறகு எங்கள் மேல் என்ன வழக்கு வந்தாலும் தூதர் வீட்டுக் கூடத்தில்தான். சயாம் அதிகாரி எங்களைத் தொட முடியாது. சாராயக் காவலர்கள் எங்கள் தெப்பத்தைக் கண்டால் வானத்தைப் பார்ப்பார்கள். அந்தத் தைரியத்தில் எங்கள் ஆட்களில் சிலர் ஆற்றங்கரையில் அடுப்பு வைத்துத் திருட்டுச் சாராயம் காய்ச்சினார்கள், காவலர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு போனார்கள். நாங்கள் பயந்து பேர் கொடுத்ததும் உண்மை, பிறகு ஆடியதும் உண்மை.

ஒரு நாள் தூதர் வீட்டுத் துபாஷி துறைக்கு வந்தான். பளபளவென்று ஜோடு போட்டவன், சேற்றில் இறங்காமல் கரையில் நின்றபடியே சொன்னான். ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். கம்போஜப் பக்கம் மூன்று சீமைகளைச் சயாம் ராஜா பிரெஞ்சுக்காரனுக்கு விட்டுக்கொடுத்தாராம். பதிலுக்கு எங்களைப் போன்றவர்கள் மேல் வரும் வழக்கு இனிமேல் சயாம் கோர்ட்டுக்கே போகுமாம். என்னை யாரும் கேட்கவில்லை. புவா வலை உலர்த்திக்கொண்டே சிரித்தாள்.

"உன்னை வாங்குறதுக்கு மூணு சீமையைக் குடுத்திருக்கான்யா ராசா. நல்லா ஏமாந்துட்டான்."

பக்கத்துத் தெப்பத்துச் சயாம்காரன் வந்து, இனிமேல் நீயும் எங்களை மாதிரிதான் மாமா என்று என் தோளைத் தட்டினான். நல்ல மனதோடுதான் தட்டினான். நான் தோளை விலக்கிக்கொண்டேன்.

பயந்த மாதிரியே நடந்தது. அடுப்புகளைத் தேடிக் காவலர்கள் வந்தார்கள். மசங்கல் நேரம். எவனோ தெப்பக் கழியால் ஒரு காவலனின் முன்பற்களை உடைத்துவிட்டு ஆற்றில் குதித்துவிட்டான். லுன் அப்போது குளிர்காய்ச்சலில் என் பக்கத்தில் பாயில் நடுங்கிக்கொண்டு கிடந்தான். ஆனால் எங்கள் துறையில் பறங்கியிடம் பேர் பதிந்த இளவட்டம் அவன் ஒருவன்தான். மறுநாள் பல் போனவன் வீங்கிய வாயோடு வந்து அவனைக் கைகாட்டினான். துபாஷியிடம் ஓடினேன். இனி எங்கள் கையில் இல்லை, புது நீதிபதி சீமைக்குப் போய்ப் படித்தவர், பயப்படாதே என்றான். கிட்டி உண்டா என்று கேட்டேன். அதற்குச் சிரித்தான். சிரித்தானே தவிர இல்லை என்று சொல்லவில்லை.

சாட்சிக்குப் போ, பிள்ளை பக்கத்தில் கிடந்தான் என்று சொல் என்று புவா பிடுங்கி எடுத்தாள். சாட்சிக்குப் போன சோம் என்ன ஆனான் என்றேன். செய்யாத குற்றத்துக்குப் பிள்ளை ஏன் விலங்கு மாட்டிக்கொள்ள வேண்டும் என்றாள். விலங்கு மாட்டினால் காலோடு போகும், ஒரு நாள் திரும்பி வருவான் என்றேன்.  கொட்டடிக்குப் போய் நான் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று தெரிந்ததும் சோற்றுப் பானையை என் முன்னால் டங்கென்று வைத்தாள். அவள் சாப்பிடவில்லை.

கோர்ட்டு நாளில் நல்ல வேட்டி கட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே மண்டி போட்டுவிட்டேன். ஒரு இளம் குமாஸ்தா வந்து என்னைக் கையைப் பிடித்துத் தூக்கி பெஞ்சில் உட்கார வைத்தான். வாங்க பெரியவரே என்றான். அதிகாரி மரியாதை கொடுத்தால் எனக்குப் பயம் கூடும். சோமுக்கும் முதலில் வெற்றிலை கொடுத்தார்கள். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை, கிட்டி எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவன் திகைத்துப்போனான். பிறகு என் பக்கத்தில் குனிந்தான்.

"அதெல்லாம் எப்பவோ ஒழிஞ்சு போச்சு பெரியவரே. பல்லு போனவனே ஆளைச் சரியாப் பாக்கலைன்னு இப்ப உளர்றான். உங்க பையன் செய்யலைன்னா செய்யலைன்னு சொல்லட்டும். ஆமான்னு சொல்லிட்டா அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. வருஷக்கணக்கா உள்ளதான்."

 லுன்னை ஏற்கெனவே உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அவனோடு ஒரு வார்த்தை பேசட்டுமா என்றேன். இனி முடியாது என்றான். இவன் சொல்வது உண்மையா? கூடத்தின் கோடியில் ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். உடைந்த மேசை நாற்காலி என்றான். திறந்து காட்டு என்றேன். சாவி தன்னிடம் இல்லை என்றான்.

நீதிபதி வந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, என் மகனைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். பக்கத்தில் ஒரு பறங்கி ஆலோசகன் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். யாரும் தரையில் விழவில்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள், மறுபடி உட்கார்ந்தார்கள். அந்த ஒழுங்கே எனக்குப் பிடிக்கவில்லை. பல் போனவன் எதிர்ப் பெஞ்சில் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். புவா என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தாள், அவள் உடம்பு அனலாக அடித்தது. சாட்சி யாராவது உண்டா என்று குமாஸ்தா எங்கள் பக்கம் பார்த்தது எனக்குத் தெரிந்தது. நான் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீதிபதி குரலை உயர்த்தவே இல்லை. வீட்டில் தண்ணீர் கேட்பது மாதிரி கேட்டார்.

"இந்த ஆளை நீ அடிச்சியா?"

 லுன் திரும்பி என்னைத் தேடினான். ஆட்களுக்கு நடுவில் என்னைக் கண்டுபிடித்ததும் அவன் கண்கள் என் முகத்தில் நின்றன. தலையை ஆட்ட வேண்டும், இல்லை என்று ஆட்ட வேண்டும். அது எனக்குத் தெரியும். கழுத்து மரமாக இருந்தது. கூடத்துக்கு வெளியே வாய்க்காலில் எவனோ தெப்பம் கட்டிக்கொண்டிருந்தான். கயிறு முறுக்கும் சத்தம் சன்னல் வழியாக வந்தது. என் வலது கை தானாக மடியிலிருந்து கிளம்பி நெற்றிப்பொட்டை நோக்கி மேலே போனது. புவா எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதிய. கை நடுவில் நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. லுன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.