ரூலிங் பேனா

“ஏலே, பெட்டி எங்கன?” வெள்ளைத்தாய் மறுபடியும் கேட்டபோது கிருஷ்ணகுமார் அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். முடிச்சு விழவில்லை.

“இங்கனதாம்மா இருக்கும். எடுத்தாரேன்.”

“நீர்மாலைக்குத் தண்ணி எடுக்கப் போறதுக்கு முன்ன கொண்டா. அவிய தலமாட்டுல வைக்கணும்.”

அப்பா பூவனலிங்கம் கோவில்பட்டியின் பாதித் தீப்பெட்டி ஆபீசுகளுக்குப் பிளான் வரைந்தவர். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்தப் பழைய ஜெர்மன் பெட்டியை விடவில்லை. காம்பஸ், டிவைடர், மை நிரப்பிக் கோடு இழுக்கும் ரூலிங் பேனா எல்லாம் நீல வெல்வெட்டில் அதனதன் குழியில் கிடக்கும். பிள்ளைகள் தொட்டால் முதுகுத்தோல் உரிந்துவிடும்.

அது இப்போது வீட்டில் இல்லை. பைபாஸில் சிநேகிதன் செல்வகணேஷ் திறக்கப்போகும் ஓட்டலின் அலங்காரத்துக்குப் போய்விட்டது. முந்தாநாள் இவன்தான் கொடுத்தான். பக்கவாதத்தில் கிடந்த அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே போனில் சொன்னான்: “அவியளுக்கு நெனவே இல்லடே. பெட்டி கட்டிலுக்கு அடியில சும்மாதான் கெடக்கு, வந்து எடுத்துக்கோ.” ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. திறந்துகூடப் பார்க்காமல் தூக்கிக் கொடுத்துவிட்டான், மடையன்.

கொல்லைப்பக்கம் போய் செல்வகணேஷுக்குப் போன் போட்டான்.

“எல்லாத்தையும் பலகையில ஒட்டியாச்சேடே!”

“பிச்சு எடு. பெட்டியில போட்டுப் பின்வாசலுக்குக் கொண்டா. அம்மாவுக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“என்னடே, குடம் காத்துக் கெடக்கு. வெயில் ஏறுதுல்லா?” சித்தப்பா பாண்டியராஜன் வாசலிலிருந்து சத்தம் போட்டார்.

“இந்தா வாரேன் சித்தப்பா.”

வெள்ளைத்தாய் அழவில்லை. இவன் போகிற வருகிற பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வாய்விட்டு அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

ஒருவழியாகப் பைக் வந்தது. பெட்டியைத் துண்டில் மறைத்து எடுத்து வந்தான்.

“பீரோ மேல இருந்துச்சும்மா.”

அவள் வாங்கித் திறந்தாள். காம்பஸில் பசை காய்ந்து வெள்ளையாக நின்றது. ஒரு குழி காலி. பாவி செல்வகணேஷ், எங்கே போட்டுத் தொலைத்தான்?

“ஒண்ணக் காணோமே மதினி?” எட்டிப் பார்த்த சித்தப்பா கேட்டார்.

வெள்ளைத்தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ரூலிங் பேனா இருந்தது. அதை எடுத்துக் குழியில் வைத்தாள். சித்தப்பா நகர்ந்து போனதும் மகனிடம் சொன்னாள்.

“நீ போன் பேசிட்டு வாசலுக்குப் போனேல்லா, அப்ப கட்டிலுக்கு அடியில இருந்த பெட்டியத் தெறந்து நல்ல கைய விட்டுத் துழாவுனாவ. இதுதான் சிக்கிருக்கு. எங்கிட்ட நீட்டுனாவ. அவன்ட்ட ஒண்ணும் கேக்காதன்னு கையக் காட்டுனாவ.”

“அம்மா...”

“போ. எல்லாரும் நிக்காவ.”

வாசலில் குடத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு கிருஷ்ணகுமார் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவள் குனிந்து, காம்பஸில் காய்ந்திருந்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.