தெல்மாவின் கடைசி வால்ட்ஸ்

தெல்மாவுக்கு உயரம்தான் வினை. பள்ளிக்கூட நாளிலேயே ஒருத்தி, "நீ ஆம்பளையா ஆடுடி" என்று சொல்லிவைத்தாள். அன்று பிடித்தது, ஜோடி நடனத்தில் அவளுக்கு எப்போதும் ஆண் பக்கம்தான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக் கோதுமைச் சீமையில் நடன மண்டபத்துக்கு வரும் ஆண்களே குறைவு. வந்தவர்களும் வாசலில் வண்டியைச் சுற்றி நின்று பியர் குடித்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே சிங்காரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களை யார் கூட்டிப்போய் ஆடுவது? தெல்மாதான்.

இப்போது மண்டபத்தையும் விற்றுத் தொலைத்தாயிற்று. டயர் கிடங்கு வரப்போகிறதாம். மெழுகு தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்த மரத்தரையில் டயர்! வயிறு எரியாதா? கடைசி ஞாயிறு மதிய நடனத்துக்கு வந்ததெல்லாம் இடுப்புவலி, முட்டிவலிக் கூட்டம். பெற்ற பிள்ளைகள் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

தெல்மாவுக்கு அன்று ஒரே ஆசை. வாழ்க்கையில் ஒருமுறையாவது ஓர் ஆண் ஆட்டத்தில் தன்னை நடத்திக்கொண்டு போக வேண்டும். எங்கே திரும்புவது, யார்மேல் இடிப்போம் என்ற கவலையெல்லாம் அவன் பாடு. நீலப் பட்டு கவுனும் உதட்டுச் சாயமுமாக வந்தவள், கூப்பிட்ட பெண்களிடமெல்லாம் "இன்னிக்கு நான் வரல" என்று சொல்லிவிட்டாள்.

கடைசிப் பாட்டாக, ஜோடியாய்ச் சுழன்று ஆடும் வால்ட்ஸ் தொடங்கியது. மெர்வின் எழுந்து வந்தான். மனைவியை இழந்தவன்; ஊரிலேயே நன்றாக ஆடுகிறவன்.

"என்ன தெல்மா, உக்காந்தே பொழுத ஓட்டிட்ட? வர்றியா?"

அவள் கவுனை நீவிக்கொண்டு எழுந்தாள். அவன் கை முதுகில் பட்டதும் அவளுடைய இடது கால் தானாக முன்னே போய் அவன் கால்மேல் ஏறியது.

"ஐயோ! பின்னால போ. நீ பொம்பள பக்கம்."

"தெரியும், தெரியும். மறுபடி ஆரம்பி."

மறுபடியும் முட்டிக்கொண்டார்கள். மூலை வந்ததும் அவளே அவனைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஆளை விடு தெல்மா!" மெர்வின் சிரித்தே விட்டான். "ரெண்டு ஆம்பளைங்க எப்படி ஆடுறது? பாட்டு வீணாப் போகுது."

அவளை நாற்காலியில் கொண்டுவந்து விட்டுவிட்டு நோலாவைக் கூட்டிப் போனான். நோலா அப்படியே மிதந்தாள். அவளுக்கு வால்ட்ஸ் சொல்லிக்கொடுத்ததே தெல்மாதான். பாழாய்ப்போன கால், இன்றைக்கென்று பார்த்தா காலை வாரவேண்டும்? தெல்மா கைக்குட்டையை எடுத்து உதட்டுச் சாயத்தைத் துடைத்தாள்.

பக்கத்திலிருந்த ஜாய்ஸ் முழங்கையால் இடித்தாள். "பாதிப் பாட்டு பாக்கி இருக்கு. எந்திரிடி, என்னை ஒரு சுத்து கூட்டிட்டுப் போ."

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் வலது கை ஜாய்ஸின் முதுகுக்குப் போய்விட்டது. இரண்டு பேரும் வழுக்கிக்கொண்டு போனார்கள், ஒரு பிசகு இல்லை.

"உன்கூட ஆடினா ஆம்பளையே வேணாம்டி" என்றாள் ஜாய்ஸ், மனசார.

அதைச் சொன்னதற்குப் பதில் ஜாய்ஸ் தெல்மாவை ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம்.